சைக்கிளுக்கு வரன் தேடினோம்

வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் ஊர் ஊராக வரன் தேடுவார்கள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சைக்கிளுக்கு வரன் தேடிக்கொண்டு, சென்ற மார்கழியில் மூன்று நாள் முழுக்க அலைந்த குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். சிரிக்காதீர்கள், நேயர்களே! பெண்ணுக்கு வரன் பார்ப்பது இதைவிடச் சுலபம் என்று சத்தியம் செய்ய நான் தயார்.

விஷயம் இதுதான். என் தாயார் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். வயது 63. அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து அம்மா ஓய்வும் பெற்றுவிட்டாள். சென்ற ஆண்டு சைக்கிளிலிருந்து இறங்கும்போது ஒரு தடவை விழுந்தாள். அடி பெரிதாக இல்லை. ஆனால், "முழங்கால் இரண்டும் தேய்ந்திருக்கின்றன, இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு எலும்பு தப்பாது. வண்டியைத் தொடக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனி எதற்கு அங்கே தனியாக? சென்னைக்கு வந்துவிடு" என்று நானும் என் மனைவியும் மாறி மாறிச் சொல்லி, கடைசியில் ஒரு வழியாகச் சம்மதித்தாள். பொங்கலுக்கு முன்பே அழைத்து வந்துவிடலாம் என்று இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட்டுகூட எடுத்தாகிவிட்டது.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வண்டிக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் வருவேன்."

வீட்டுக்கு என்ன வழி, நிலத்துக்கு என்ன வழி, ஆடு இரண்டுக்கும் என்ன வழி என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. வண்டிக்குத்தான்.

*

புதுக்கோட்டைப் பக்கம் நீங்கள் போனதில்லை என்றால் ஒரு முறை போய்வாருங்கள். திருச்சியில் இறங்கி பஸ் ஏறினால் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கீரனூரைத் தாண்டியதும் நார்த்தாமலைக் குன்றுகள், யானைகள் படுத்துக் கிடப்பதுபோலத் தோன்றும். மண் சிவப்பு. மரம் என்றால் பெரும்பாலும் தைலமரம். மழைக் காலத்தில் கண்மாய்கள் நிரம்பிக் கொஞ்ச நாள் சீமையே அழகாக இருக்கும். மற்ற நாட்களில் பாறையும் வெயிலும்தான்.

நகரத்துக்குள் வழி தவறிப்போகவே முடியாது. சதுரங்கப் பலகை மாதிரி வீதிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கீழ ராஜ வீதி, கீழ 2ஆம் வீதி, 3ஆம் வீதி என்று திசையும் எண்ணும் தெரிந்தால் போதும். சைக்கிள் கற்றுக்கொள்வதற்கென்றே ஒரு மகாராஜா ஊர் கட்டியிருந்தால் இப்படித்தான் கட்டியிருப்பார்! தொண்டைமான் அரசர்கள் ஆண்ட சமஸ்தானம் இது. 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு சேர்ந்தது. 1974 ஜனவரி 14, பொங்கலன்று தனி மாவட்டமானது. அரசர்களின் புது அரண்மனைதான் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மனுக் கொடுக்க வருகிறவர்கள் அரண்மனைப் படிக்கட்டில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறுவதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு முரண்டும் உண்டு. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் போய்ச் சேர்ந்தவர். பிறகு சென்னையில் படித்து 1912-ல் டாக்டராகத் தேறியவர். அது ஒருத்தி செய்த காரியம். ஆனால் 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் நடந்தது லட்சம் பேர் செய்த காரியம்.

1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியது. எழுத்தறியாத கிராமத்து ஜனங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கிளம்பினார்கள். பகல் முழுக்க வயலிலும் கல் குவாரியிலும் வேலை செய்தவர்களுக்கு ராத்திரியில்தான் வகுப்பு. சொல்லிக் கொடுக்கிற பெண் தொண்டர்கள் ஊர் விட்டு ஊர் எப்படிப் போவார்கள்? பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வந்தால் பெரிய விஷயம். மற்றபடி அண்ணனோ புருஷனோ சைக்கிளின் பின்னால் வைத்துக் கூட்டிக்கொண்டு போனால் உண்டு. "சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதும் அறிவொளிதான்" என்று இயக்கத்தில் முடிவு செய்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு ஆயிற்று. ஊர் ஊராகச் சைக்கிள் பழகும் முகாம்கள் நடந்தன. இயக்கத் தொண்டர் ஒருவர் எழுதிய சைக்கிள் பாட்டு மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது! அதனால் என்ன? பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பிடித்துக்கொண்டார்கள். சிலர் அதுதான் சௌகரியம் என்றும் கண்டுகொண்டார்கள். பின்னால் கேரியரில் விறகோ தண்ணீர்க் குடமோ; முன்னால் பாரில் குழந்தை. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் அணிவகுத்தார்கள். கேலி பேசினவர்கள் உண்டு. காது கூசும்படி பேசினவர்களும் உண்டு. ஒன்றும் நிற்கவில்லை. மாவட்டத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, வடக்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு 8ஆம் வகுப்பு இந்திப் பாடமாகவே வந்தது. கீரனூர்ப் பெண்களைப் பற்றி டில்லிப் பிள்ளைகள் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். பாருங்கள், நம் ஊர்ப் பெருமை நமக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது!

அந்த லட்சம் பேரில் என் அம்மாவும் ஒருத்தி.

*

அப்போது எனக்கு மூன்று வயது. அம்மா கற்றுக்கொண்டது வாடகைச் சைக்கிளில். பின் பக்கம் நம்பர் எழுதிய சைக்கிள், பிரேக் கிடையாது. பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் இருட்டினபிறகு நாலைந்து பெண்கள் சேர்ந்து பழகுவார்களாம். ஒருத்தி ஓட்ட, ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, மற்றவர்கள் யாராவது ஆண்கள் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ள. நாலாவது நாள் அம்மா நேரே போய் ஒரு வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. "மாடு முட்டிடுச்சு" என்று பாட்டியிடம் பொய் சொன்னாளாம். பாட்டி காயத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மாட்டுக்குப் பிரேக் இருக்கா?" என்று கேட்டாளாம்.

அடுத்த வருஷம் சொந்த வண்டி வந்தது. இரண்டாம் கையில் வாங்கிய கறுப்பு அட்லஸ், ஆண்கள் சைக்கிள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது; வீட்டில் அவரிடமே வண்டி இல்லை. "உனக்கா, எனக்கா?" என்று கேட்டார். "எனக்கு. வேணும்னா நீங்க இரவல் வாங்கிக்கங்க" என்றாள் அம்மா. அப்பா சாகும் வரைக்கும் அப்படித்தான். வண்டி எடுக்கும்போதெல்லாம் "எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். பரிகாசமாகத்தான் கேட்பார். ஆனால் கேட்காமல் எடுத்ததில்லை.

அந்த வண்டியின் பாரில் ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல் என்னை உட்கார வைத்துக்கொண்டு அம்மா போவாள். ஹேண்டில்பாரின் நடுவில் என் இரண்டு கையும். மேடு வந்தால் அம்மாவின் மூச்சு என் உச்சந்தலையில் படும். சித்தன்னவாசல் திருவிழாக் கூட்டத்துக்கு அப்படித்தான் போனோம். பாறைக் குடைவுக்குள்ளே ஆயிரம் வருஷத்துத் தாமரைக் குளம் தீட்டி வைத்திருக்கிறார்களே, அதை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஓவியம் ஒன்றும் நினைவில் இல்லை. இறக்கத்தில் வண்டி விட்ட வேகம் மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு சத்துணவு வேலை. வாரச் சந்தையிலிருந்து கத்தரிக்காய் மூட்டையும் பூசணிக்காயும் அந்தக் கேரியரில்தான் வரும். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு ராத்திரியில், என்னை முதுகோடு சேர்த்துப் புடவையால் கட்டிக்கொண்டு அன்னவாசல் ஆஸ்பத்திரிக்கு மிதித்திருக்கிறாள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மரமெல்லாம் சாலையில் கிடந்தது. கரண்டு பல நாள் வரவில்லை. பெட்ரோல் போடவும் வழியில்லை. ஊரிலிருந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் திண்ணையில் சும்மா நின்றன. அம்மா அட்லஸை விழுந்த மரங்களுக்கு மேலே தூக்கித் தூக்கி வைத்துக் குடிதண்ணீர் கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. அப்போது அவளுக்கு 55 வயதுக்கு மேல்.

வண்டி செய்த கம்பெனியின் கதை வேறு. அட்லஸின் கடைசித் தொழிற்சாலை, சாகிபாபாதில், 2020 ஜூன் 3-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அன்றைக்குத்தான் உலக சைக்கிள் தினம். விதிக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு. ஆனால் நல்ல ரசனை கிடையாது.

*

சரி, வரன் கதைக்கு வருவோம்.

முதல் வரன், பழைய இரும்புக்காரர். நான்தான் கூப்பிட்டேன், குற்றம் என்னுடையது. வந்தவர் கம்பியால் பாரில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "20 கிலோ தேறும். 500 ரூபாய் வச்சுக்குங்க அக்கா" என்றார்.

அம்மா உள்ளே போய்விட்டாள். அவர் போனபிறகுதான் வெளியே வந்தாள்.

"மாடு விக்கிறப்பக்கூடப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்க, நடக்க விட்டுப் பாப்பாங்க. இந்த ஆளு தராசைக் கொண்டாந்துட்டான். பேரீச்சம்பழத்துக்குப் போடவாடா நான் முப்பது வருஷமா எண்ணெய் போட்டேன்?"

இரண்டாவது வரன், எதிர் வீட்டுப் பெண். புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள், கெட்டிக்காரி. போய்க் கேட்டோம். மரியாதையாகச் சிரித்தாள். அவளுக்கு அப்பா ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவசச் சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. போய்ப் பார்த்தோம். அதன் ஹேண்டில்பாரில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அம்மா தன் முந்தானையால் அந்த சீட்டைத் துடைத்தாள்.

வெளியே வந்ததும், "அது குடுத்த வண்டி. கேட்டு வாங்கின வண்டி இல்லை" என்றாள்.

இந்த அபிப்பிராயத்தை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. 2001-க்குப் பிறகு வந்த அந்த இலவசச் சைக்கிள் இல்லாவிட்டால் 10ஆம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய பெண்கள் எத்தனை பேர்! எதிர் வீட்டுப் பெண்ணும் இரண்டு வருஷம் அதில்தான் மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். பெண் பெரியவளானாள், வேகமும் பெரிதாயிற்று. 2018-ல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை அரசாங்கம் மானியம் கொடுத்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது என்று ஆயிற்று. எல்லாம் நல்ல காரியங்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. சைக்கிளை யாரும் விரட்டவில்லை. அதைவிட நல்லது ஒவ்வொன்றாக வந்து அதற்கு இடமில்லாமல் செய்துவிட்டது. மாமியார் கொடுமைக்காரி என்றால் ஊரைக் கூட்டலாம். எல்லாருமே நல்லவர்களாக இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

மறுநாள் அம்மாவின் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க அடுத்த ஊருக்குப் போனோம். வேப்பமரத்து நாட்களில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினவள் இவள்தான். அவள் பேத்திக்கு வண்டி ஆகுமா என்று கேட்க நினைத்திருந்தோம். பேத்தி கோயமுத்தூரில் இருக்கிறாளாம். காப்பி கொடுத்துவிட்டு அந்த அம்மாள் தன் கதையைச் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டைச் சுத்தம் செய்த மகன் சைக்கிளை எடைக்குப் போட்டுவிட்டான். "நல்ல எண்ணத்துலதான் செஞ்சான். அவனுக்குத் தெரியாது" என்றாள். பிறகு எழுந்து போய், அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்து வந்தாள். ஒரு சைக்கிள் சாவி. சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"இது மட்டும் எங்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறப்போ இடுப்புல சொருகியிருந்தேன்."

அம்மா சாவியை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் வேறு எதையோ பேசினார்கள். மிளகாய் விலை என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயிலுக்குப் பக்கத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. சமஸ்தானத்து அம்மன் காசு முதல் பாடம் செய்த மிருகங்கள் வரைக்கும் உள்ளே இருக்கின்றன. இந்த மாவட்டத்துப் பெண்கள் ஓட்டிய சைக்கிள் ஒன்று அங்கே இருக்கவேண்டியது நியாயந்தானே? "எழுதிக் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றேன் வெகு உற்சாகமாக.

"கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டவா? புலிக்குப் பக்கத்துலயா?" என்றாள் அம்மா. "செத்ததைத்தானே அங்கே வைப்பாங்க!"

அந்த வரனும் தட்டிப்போயிற்று.

*

அன்று இரவு எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. லீவு ஓடிக்கொண்டிருந்தது. "சென்னையில் என்ன குறை அம்மா? கூப்பிட்டால் வாசலுக்கு ஆட்டோ வரும். கோயிலுக்கு, கடைக்கு, டாக்டரிடம், எங்கே போகவேண்டுமானாலும் நான் அழைத்துக்கொண்டு போகிறேன்" என்றேன்.

அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அதைத்தாண்டா நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். "எங்கே போறதுன்னாலும் உன்கிட்டே சொல்லணும். நீ ஆபீஸ் விட்டு வரணும். அவளுக்கு ஒழியணும். கூட்டிட்டுப் போகமாட்டேன்னு நீ சொல்லவே மாட்டே. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேக்கணும்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "எடுத்துக்கவா?" என்று அப்பா கேட்கிற குரல் திண்ணைப் பக்கமிருந்து வருவதுபோல் இருந்தது.

*

மூன்றாவது நாள் காலை அன்னவாசலில் ஒரு பழைய சைக்கிள் கடை. கடைக்காரருக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். இந்த வண்டிக்கு எத்தனையோ தடவை கோட்டம் எடுத்தவர், பால்ரஸ் மாற்றியவர். வண்டியைச் சுற்றி வந்து, "ஃபிரேம் இரும்பு, அக்கா. இப்ப வர்றது தகரம்" என்று சொல்லி அம்மாவின் மனத்தில் இடம் பிடித்தார்.

"யாரு வாங்குறா?"

"வடக்கத்திப் பயலுகதான். கொத்து வேலை, ரோடு வேலைக்கு வந்திருக்காங்களே, அவங்கதான் பழைய வண்டி கேட்டு வர்றாங்க. நம்மாளு யாரும் வர்றதில்லை."

அம்மா யோசித்தாள். "அவங்க வீட்டுப் பொம்பளைங்க ஓட்டுவாங்களா?"

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை யாரும் கேட்டதில்லையே அக்கா!"

"வண்டியை ஓவராயில் பண்ணி வை. டயர், ட்யூப் புதுசு போடு. சீட்டும் மாத்து" என்று சொல்லிவிட்டு அம்மா கிளம்பினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் ஏறினபிறகுதான் விளக்கினாள். எங்கள் ஊருக்கு வெளியே ஹாலோ பிளாக் கல் போடுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஜார்க்கண்ட் குடும்பங்களில் ஒரு பெண், இடுப்பில் நாலு வயதுப் பிள்ளையோடு தினமும் எங்கள் வாசல் வழியாக நடந்து போகிறாளாம், இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கு. "ஒரு வருஷமாப் பாக்குறேன். அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. போறப்போ நம்ம வண்டியை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போவா. முதல்ல திருடப் பாக்குறாளோன்னு நினைச்சேன்."

பட்டறைக்குப் போனோம். நான் பள்ளிக்கூடத்தில் தனியாகப் படித்த இந்தி அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பிரயோஜனத்துக்கு வந்தது, அதுவும் அரைகுறையாக. அந்தப் பெண்ணுக்கு 25 வயது இருக்கும். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. அவள் புருஷனுக்குத் தெரியும். வண்டி தருகிறோம் என்றதும் அவன் சந்தோஷமாக முன்னால் வந்தான். அம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அவன்கிட்டே சொல்லு. வண்டி அவளுக்கு. அவன் வேணும்னா இரவல் வாங்கிக்கலாம்."

இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று நான் திணறிய திணறல் எனக்குத்தான் தெரியும். சொன்னது புரிந்ததும் அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவன் கொஞ்சம் விழித்தான். பிறகு அவனும் சிரித்தான். வடக்கே பாடப் புத்தகத்தில் வந்த எங்கள் ஊர்ப் பாடத்தை அவள் படித்திருப்பாளா என்று கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அதற்கு என் இந்தி போதவில்லை.

சீர்வரிசைக்கு 1,850 ரூபாய் ஆயிற்று. இரண்டு டயர், இரண்டு ட்யூப், சீட்டு, பிரேக் கட்டை, புதுச் செயின். மணி மட்டும் பழசு. காற்றடிக்கும் பம்பையும் அம்மா கூடவே கொடுத்துவிட்டாள். வண்டிக்கு என்ன விலை என்று அவன் இரண்டு தடவை கேட்டான். "கத்துக்கிட்டதுக்கப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே பள்ளிக்கூட மைதானம். அதே மைதானம். வேப்பமரம் கஜாவில் போய்விட்டது, முட்டிக்கொள்ளப் பயமில்லை. டாக்டர் வண்டியைத் தொடக் கூடாது என்றாரே தவிர, கேரியரைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை என்பது அம்மாவின் வாதம். அவள் பத்தடி நடப்பாள்; பிறகு என்னைப் பிடிக்கச் சொல்லுவாள். நான் மைதானத்தை நாலு சுற்று ஓடினேன். பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்த்த தொந்தி அன்றைக்கு என்னிடம் கணக்குக் கேட்டது.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. "மிதி! மிதி! கீழே பாக்காதே, தூரமாப் பாரு!" என்று அம்மா மைதானத்தின் நடுவில் நின்று கத்தினாள். அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணும், "மிதி, மிதி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். மூன்று தடவை விழுந்தாள். மூன்று தடவையும் அம்மா முழங்காலை மறந்து ஓடினாள். பிள்ளை ஓரமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. இருட்டுகிற சமயத்தில் நான் கையை எடுத்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. நாற்பது அடி தனியாகவே போய்விட்டாள்.

"போறா! போறா!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்த மைனாக்கள் கிளம்பிவிட்டன.

ராத்திரி அம்மா பெட்டியைத் திறந்து ஒரு பழைய துண்டை எடுத்தாள். வண்டியின் பாரில் அதை இறுக்கிச் சுற்றி, இரண்டு பக்கமும் சணலால் கட்டினாள். "அந்தப் பிள்ளைக்குக் குத்தும்" என்றாள். சாவியைக் கழற்றி, அதிலிருந்த அப்பாவின் பழைய வளையத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சாவியை மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்தாள். மறுநாள் காலை அந்தப் பெண் வந்தாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். ஏறி ஓட்டுகிற தைரியம் சாலையில் இன்னும் வரவில்லை. சாலைத் திருப்பம் வரை அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திண்ணையோரத்தில் ஸ்டாண்டு போட்டுப் போட்டு விழுந்த பள்ளம் ஒன்று இருக்கிறது. அதைக் காலால் மண் தள்ளி மூடினாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

"வழி பண்ணியாயிற்று. நாளைக்கு ரயில்" என்று நான் மெதுவாக நினைவூட்டினேன்.

"நீ போ. நான் பத்து நாள் கழிச்சு வரேன்" என்றாள் அம்மா.

"என்ன அம்மா இது! நிபந்தனை என்ன ஆயிற்று?"

"ஏறக் கத்துக்கிட்டா. இறங்கக் கத்துக்கலை. இறங்கத் தெரியாதவ கையில வண்டியைக் குடுத்துட்டு எப்படிடா வர்றது? நான் விழுந்ததே இறங்கறப்பத்தான்."

ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தனியாகத் திரும்பினேன். என் மனைவி கதையைக் கேட்டுவிட்டு, "பத்து நாளா? பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள். பத்து நாளும் ஆயிற்று, பொங்கலும் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் இப்போது நன்றாக இறங்குகிறாளாம். பிள்ளையைப் பாரில் வைத்துக்கொண்டு கடைக்குக்கூடப் போய்வந்துவிட்டாளாம்.

"அப்படியானால் டிக்கெட் எடுக்கட்டுமா?" என்றேன்.

"கொஞ்சம் பொறு" என்றாள் அம்மா. "பட்டறையில இன்னும் ரெண்டு பொண்ணுங்க கத்துக்கணும்னு வந்து நிக்குதுங்க."